நாயும் பாட்டிலும் ஒரே பலகையில்

காலை ஆறு மணிக்கு எங்கள் பகுதிப் பூங்காவைப் பெருக்க வரும் அக்காவின் கையில் எப்போதும் இரண்டு சாக்குகள் இருக்கும். ஒன்று சருகுக்கு, இன்னொன்று பாட்டிலுக்கு. சிமெண்டு பெஞ்சுகளுக்குப் பின்னால், செம்பருத்திப் புதர் ஓரமாக, முந்தின இரவின் மிச்சம் கிடக்கும். குவார்ட்டர் பாட்டில், நசுங்கிய பிளாஸ்டிக் டம்ளர், பல்லால் கடித்துப் பிய்த்த தண்ணீர் பாக்கெட், ஊறுகாய்ப் பொட்டலம். முழு பாட்டில் என்றால் எடுத்துச் சாக்கில் போட்டுவிடுவார். உடைந்ததுதான் வேலை வைக்கும். புல்லுக்குள் சிதறிய சில்லு துடைப்பத்துக்கு அகப்படாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இளவெயில் சாய்ந்து விழும் பக்கமாகத் தலையைத் தாழ்த்தி, எது மின்னுகிறது என்று பார்த்துப் பார்த்து விரலால் பொறுக்குவார். அது முடிந்ததும் நடைபாதைக்கு வருவார். அங்கே நாய்ப்பீ. அதன்மேல் ஒரு கை மண்ணைத் தூவி, ஈரம் இழுத்ததும் அட்டைத் துண்டால் வழித்தெடுப்பார்.

வாசலில் நீல நிறப் பலகை ஒன்று உண்டு. அதில் மூன்றாவது வரி: செல்லப்பிராணிகளை அழைத்து வர அனுமதி இல்லை. நான்காவது வரி: மது அருந்துவது தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பலகையின் கீழே நின்றுதான் அவர் தினமும் சாக்கின் வாயைக் கட்டுகிறார்.

ஒரு பூங்காவின் விதியை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு அவரைப் பார்த்துத்தான் புரிந்தது. விதி மீறப்படும்போது அதன் பாரம் நாயைக் கூட்டி வந்தவர் தலையில் விழுவதில்லை, குடித்தவர் தலையிலும் விழுவதில்லை. பெருக்குகிறவர் விரலில் விழுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடக்கும் பெரியவரின் பாதத்தில் விழுகிறது. காவலாளி வீட்டுக் குழந்தை மேல் விழுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பேச்சு அழகுக்காக எழுதவில்லை. அது நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் கிண்டி. ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகையில், 99 ஆண்டுக் குத்தகையாக மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடம் இருந்த 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. அதில் 118 ஏக்கரில் பொதுப் பூங்கா அமைப்பதாக அறிவித்து, நிலத்தைத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. அதை எதிர்த்த வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும், வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தாங்குவதற்காக அந்த நிலத்தில் குளங்களை மாநகராட்சி வெட்டியிருக்கிறது. சென்னை நகரத்துக்குள் இவ்வளவு பெரிய பூங்கா பற்றிய பேச்சு எழுவது அபூர்வம். 1859-ல் ஆளுநர் ட்ரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க் இதே போல நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்தது. பிறகு மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்து அதைத் தின்றன. அங்கிருந்த விலங்குக்காட்சிச் சாலையும் 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. மிஞ்சியது மை லேடிஸ் கார்டன் என்ற ஒரு துண்டு.

நடுவில் வந்தவை வேறு வகை. டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் 2010-ல் திறந்த செம்மொழிப் பூங்காவும், கதீட்ரல் சாலையில் அதன் எதிரே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்க்கிற இடங்கள். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் இருக்கும் வரை நாய், பாட்டில் இரண்டையும் அங்கேயே நிறுத்திவிடலாம். 118 ஏக்கர் நிலம் அப்படி நடக்காது. பல வாசல்கள் இருக்கும். விடியுமுன் நடப்பவர்கள், மதியம் நிழலுக்கு ஒதுங்குபவர்கள், இருட்டிய பிறகு வருபவர்கள் என்று நாள் முழுக்க ஆள் மாறும். அதற்கான விதிகளை, சுற்றுச்சுவர் எழும்பிய பிறகு பெயின்டர் கையில் கொடுத்து எழுத வைப்பதில் பயன் இல்லை. வரைபடம் போடும் மேசையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயையும் மதுவையும் அடுத்தடுத்த வரியில் ஒரே தடையாக எழுதுவது தவறு. நாய்க்கு வேலி போட்டு இடமும் நேரமும் கொடுக்கலாம். குடியால் வரும் பயத்துக்கு வேலி கட்ட முடியாது. ஒரு பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்து குடித்தால் அவர்கள் எடுத்துக்கொள்வது ஒரு பெஞ்சை மட்டும் அல்ல. அந்தப் பக்கத்து நடைபாதை, அதன் முனையில் இருக்கும் ஊஞ்சல், அங்கிருந்து வெளியேறும் சின்ன வாசல், எல்லாமே மாலை ஆறரைக்குப் பிறகு பெண்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது.

முதலில் நாய்.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்கா. அதன் காவலாளி குடும்பத்தோடு பூங்காவுக்குள்ளேயே குடியிருந்தார். அவருடைய ஐந்து வயது மகளை, வளர்ப்பு நாய்களான இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயும் கடிபட்டார். நாய்களின் உரிமையாளர் கைதானார். அடுத்த சில நாட்களில் மாநகராட்சி அறிவிப்புகள் வரிசையாக வந்தன: உரிமம் கட்டாயம், தடுப்பூசி கட்டாயம், வெளியே கூட்டி வந்தால் கழுத்துப்பட்டையும் கயிறும் வாய்மூடியும் வேண்டும் என்று. இவற்றில் உரிமமும் தடுப்பூசியும் ஏற்கெனவே சட்டத்தில் இருந்தவை. அதை நினைக்கும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது. ஓர் ஏழைக் குழந்தையின் தலையில் தையல் விழுந்த பிறகுதான் ஏட்டில் இருந்த விதிக்கு உயிர் வந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 12 அன்று, பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று சொல்லி ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தைத் தடை செய்வதா, நடத்தையைக் கட்டுப்படுத்துவதா என்ற இந்த வாதம் உலகம் முழுக்க ஓய்ந்தபாடில்லை. பிரிட்டன் 1991-ல் அபாய நாய்கள் சட்டம் கொண்டுவந்து சில இனங்களைத் தடுத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே விவாதம் அங்கே நடக்கிறது. பூங்கா என்ற அளவில் எனக்கு இதில் குழப்பம் இல்லை. எந்த இனமானாலும் கயிறு இல்லாமல் உள்ளே வரக் கூடாது. ஆளை இழுத்துக்கொண்டு போகும் பலமுள்ள நாயை, அதைப் பிடித்து நிறுத்த முடியாத சிறுவனிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. ஆக, சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை.

அப்படியானால் முழுத் தடையே போட்டுவிடலாமே என்று தோன்றும். சென்னைப் பூங்காக்களில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். அது என்ன செய்கிறது என்பதை எங்கள் பூங்கா வாசலில் தினமும் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சிப்பிப்பாறையோடு வருகிறார். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, ஓடுவதற்கென்றே பிறந்த நாய் அது. வாசலில் நிறுத்தப்படுகிறார். பத்து நிமிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, நாயை விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டு, தான் மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓடி வருகிறார். விதியை மதிக்கிறவருக்குக் கிடைப்பது இது. மதிக்காதவர், காவலாளி டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் பின்வாசலால் நுழைந்து கயிற்றையும் அவிழ்த்துவிடுகிறார். ஒளிந்து வருகிறவர் பை எடுத்து வர மாட்டார், கழிவை அள்ளவும் மாட்டார். முழுத் தடை பூங்காவில் நாயை இல்லாமல் செய்யவில்லை. பொறுப்புள்ள நாய்க்காரரை மட்டும் வெளியே நிறுத்துகிறது.

அடுக்கக வளாகங்களைப் பற்றி இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதே காரணத்தைத்தான் சொல்கிறது. வளர்ப்பு நாய்களைத் தோட்டத்திலிருந்து அடியோடு விலக்கக் கூடாது, போதிய நடை இல்லாத நாய் முரட்டுத்தனமாகும், வேண்டுமானால் நேரம் பிரித்துக் கொடுங்கள் என்பது அதன் சாரம்.

பெங்களூருக் கப்பன் பூங்காவில் 2022 ஜூனில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. கயிறு இல்லாமல் விடுகிறார்கள், கழிவை அள்ளுவதில்லை என்று நடப்பவர்கள் புகார் செய்ய, ஜூலை முதல் நாய்களுக்குத் தடை என்று தோட்டக்கலைத் துறை அறிவித்தது. நாய் வளர்ப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஹைதராபாத் வேறு வழியில் போனது. கொண்டாப்பூரில் குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கர் இடத்தைச் சீராக்கி, நாய்களுக்கென்றே ஒரு பூங்காவை மாநகராட்சி 2018-ல் திறந்தது.

நியூயார்க் கதை நீளமானது, கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. நாயின் கழிவை உரிமையாளரே அள்ள வேண்டும் என்ற சட்டம் அங்கே 1978-ல் வந்தது. 1990-ல் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் வேலி போட்டு, நாய்கள் அவிழ்ந்து ஓட ஒரு திடல் அமைந்தது. பெரிய பூங்காக்களில் காலை ஒன்பது மணிக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பின்பும் நாயை அவிழ்த்துவிடலாம் என்பது நெடுங்காலம் வாய்வழி ஏற்பாடாகவே இருந்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பிறகு 2007-ல் முறையான விதியாக எழுதினார்கள். காலை நேரம் நாய்க்காரர்களுக்கு, அதற்குப் பிறகு குழந்தைகளுக்கு என்று ஒரே புல்வெளி நேரத்தால் பிரிந்தது. அதே நகரத்தில் 2009-ல் திறந்த ஹை லைன் பூங்காவில் நாய்க்கு இடமே இல்லை. பழைய ரயில் மேம்பாலத்தின் மேல் மெல்லிய மண் பரப்பிச் செடி வளர்த்த இடம் அது. நெருக்கமான பாதை, ஆழமில்லாத மண். எல்லாப் பூங்காவுக்கும் ஒரே விதி எழுத முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாய்த் திடல் என்பது நான்கு பக்கம் கம்பி வேலி கட்டிவிட்டால் முடிகிற காரியம் இல்லை. வாசலில் இரட்டைக் கதவு வேண்டும். முதல் கதவைத் திறந்து, நடுவில் இருக்கும் சின்னக் கூண்டு போன்ற இடத்தில் நாயோடு நின்று, பின்கதவை மூடிய பிறகுதான் முன்கதவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் நுழையும்போது இன்னொருவரின் நாய் வெளியே பாய்ந்துவிடும். பொமரேனியன் அளவு நாய்க்கும் பெரிய நாய்க்கும் தனித்தனித் தடுப்பு வேண்டும். நாயின் சிறுநீரில் உள்ள நைட்ரஜன் புல்லைக் கருக்கிவிடும் என்பதால் தரை மணலாகவோ சரளையாகவோ இருக்கட்டும். சென்னை மழையில் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் வைத்தாக வேண்டும். நாய், எலி இரண்டின் சிறுநீராலும் எலிக்காய்ச்சல் பரவும், அதற்குத் தேங்கிய நீர்தான் வழி. நாயின் வயிற்றிலுள்ள உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே குழந்தைகள் விளையாடும் மணல் பரப்பும் நாய்த் திடலும் பூங்காவின் எதிரெதிர் மூலைகளில் இருப்பது நல்லது. மே மாத வெயிலில் சிமெண்டுத் தரை நாயின் பாதத்தைப் பொசுக்கும். நிழல் மரமும் குழாயும் இல்லாத திடலுக்கு யாரும் வர மாட்டார்கள், மறுபடி புல்வெளிக்கே போவார்கள்.

கிண்டிக்கு இன்னொரு கவனம் தேவை. பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது, புள்ளிமானும் வெளிமானும் வாழும் காடு. அதை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் நாய்கள் மான்களைக் கடித்துக் கொன்றதும், அதன் பேரில் விலங்கு ஆர்வலர்களுக்குள்ளேயே மூண்ட சண்டையும் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். புதுக் குளங்களில் தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் முக்குளிப்பானும் தாமாக வரும். கரையில் முட்டையிடும் பறவைக்குக் கயிற்றில் கட்டிய நாய் பக்கத்தில் வந்தாலே போதும், கூட்டை விட்டு எழுந்துவிடும். ஆகவே குளத்தங்கரைப் பாதைகளில் நாய்க்கு அறவே இடம் வேண்டாம், சாலையை ஒட்டிய பக்கத்தில் திடல் இருக்கட்டும் என்பேன். பார்வையற்றவர் வழிகாட்டி நாயோடு வந்தால் அவருக்கு எந்தத் தடையும் பொருந்தாது என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். நம் ஊரில் அப்படி வருபவர் மிகக் குறைவு. ஒருவர் வந்தாலும் வாசலில் நின்று வாதாடும் நிலை அவருக்கு நேரக் கூடாது.

தெரு நாயை விட்டுவிட்டு வளர்ப்பு நாய்க்கு மட்டும் விதி எழுதினால் பாதி வேலைதான். பூங்காவுக்குள் ஏற்கெனவே ஆறு நாய் குடியிருக்கும். புதிதாகக் கயிற்றில் ஒரு நாய் நுழைந்தால், எல்லை காக்க அவை பாயும், நடுவில் மாட்டிக்கொள்கிறவர் கடிபடுவார். பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விட வேண்டும் என்பது 2023-ன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் முறை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அதே முறையை ஏற்று, கண்ட இடத்தில் சோறு வைக்காமல் அதற்கென்று இடம் ஒதுக்கச் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து தெரு நாய்களை அகற்றி, திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. கிண்டியில் கட்டுமானம் தொடங்குமுன் அந்த நிலத்தில் திரியும் நாய்களைக் கணக்கெடுத்துக் கருத்தடை முடித்துவிட்டால், திறப்பு விழாவுக்கு மறுநாள் ஓட வேண்டியிருக்காது. வளர்ப்பு நாய்க்கு ஆண்டு உரிமக் கட்டணம் ஐம்பது ரூபாய்தான். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி 2025 இறுதியில் அறிவித்ததும் உரிமம் எடுக்கவும் சிப் பொருத்தவும் முகாம்களில் வரிசை நின்றது. அந்த உரிமத்தையே நாய்த் திடலின் நுழைவுச்சீட்டாக வைத்துவிடலாம். தடுப்பூசி போடாத நாய் தானாகவே வெளியே நிற்கும்.

இனி மது. இங்கே என் பேச்சு மாறும்.

பொது இடத்தில் குடிப்பது தமிழ்நாட்டில் ஏற்கெனவே குற்றம். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கின் சட்டம்தான் இன்றைக்கும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் நிற்கிறது. மதுவிலக்குப் போய், வந்து, மறுபடி போய், 2003-லிருந்து சில்லறை விற்பனையையும் அரசே டாஸ்மாக் வழியாக நடத்தும்போதும் சட்டத்தின் பெயர் மாறவில்லை. எனவே பூங்காப் பலகையின் நான்காவது வரி புதிதாக எதையும் சொல்வதில்லை. கேட்க வேண்டியது வேறு. இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் அந்த அக்காவின் இரண்டாவது சாக்கு ஏன் நிரம்புகிறது?

விற்பனை விதியில் ஓட்டை இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயிலுக்கோ பள்ளிக்கோ 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது, மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள் கூடாது என்கிறது 2003-ன் சில்லறை விற்பனை விதி. பூங்காவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடையில் வாங்குகிறவருக்கு உட்கார இடம் வேண்டும். பார் இருந்தாலும் அங்கே தண்ணீருக்கும் டம்ளருக்கும் கடலைக்கும் காசு. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இரவு பத்து மணிக்குக் கடை மூடும் நேரத்தில் கையில் பாட்டிலோடு நிற்பவர் கண்ணுக்கு இருட்டான பெஞ்சு எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

அதற்காகக் கடையை நூறடி தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்று இடம் தேடிக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தபோது, 2017 கோடையில் ஊர் ஊராகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், ஷட்டரை இழுத்து மூடினார்கள், அடியும் வாங்கினார்கள். வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் குடி நிற்காது, வேறு தெருவுக்குப் போகும். மது மூலம் 2023-24-ல் மட்டும் 45,855 கோடி ரூபாய் வருவாய் பார்த்த அரசு, அந்தப் பாட்டில்கள் எங்கே போய் முடிகின்றன என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

அப்படிப் பொறுப்பேற்ற ஓர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. நீலகிரிக் காட்டில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்ததால், 2022 மே மாதத்திலிருந்து அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டில்கள் பெருவாரியாகத் திரும்பி வந்தன. திட்டம் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. யானையின் காலுக்காக வந்த ஏற்பாடு, பூங்காப் புல்லில் சில்லு பொறுக்கும் விரலையும் காக்கும். யானைக்கு முன்பே அந்த விரல்களை யாராவது நினைத்திருக்கலாம்.

வெளிநாடுகளில் பூங்காவில் குடிக்க அனுமதிப்பதைக் காட்டி, இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. டொரண்டோ நகரம் 2023 ஆகஸ்டில் 27 பூங்காக்களில் சோதனையாக அனுமதித்து, அடுத்த ஆண்டு அதை நிலையாக்கியது. வாங்கூவரும் அதே வழியில் போனது. அடுக்ககத்தில் வாழ்பவருக்குத் தோட்டம் இல்லை, பணக்காரர் தன் வீட்டுப் புல்வெளியில் குடிக்கலாம் என்றால் மற்றவர் பூங்காப் புல்வெளியில் ஏன் குடிக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பீரும் ஒயினும் சாப்பாட்டுக் கூடையோடு வருகின்றன, பெண்களும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் குவார்ட்டரை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தள்ளாடி எழுந்திருக்கும் குடிதான் பெரும்பாலும். அந்தக் குடியால் அடிபட்ட பெண்ணுக்கு, மாலையில் ஒரு மணி நேரம் மூச்சு விடக் கிடைக்கும் ஒரே திறந்த வெளி இந்தப் பூங்கா. அங்கேயும் அதே வாடை வந்தால் அவர் எங்கே போவார்? இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

ஆனால் தடையின் கை யார் மேல் விழுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். இதைச் சிங்கப்பூர் நமக்குக் காட்டியது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கட்டுமானத் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்தது, வாகனங்கள் எரிந்தன. குடியும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. 2015 ஏப்ரல் முதல் அந்த நாடு முழுவதும் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவிலும் கெய்லாங்கிலும் சனிக்கிழமை காலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரையிலும் தடை. ஞாயிற்றுக்கிழமை என்பது நம் ஊர்ப் பையன்களின் ஒரே விடுமுறை நாள். பலர் ஒன்றாக அடைந்து கிடக்கும் விடுதி அறையிலிருந்து வெளியே வந்து, ஊர்க்காரர்களோடு புல்லில் உட்கார்ந்து பேச அவர்களுக்கு இருந்த இடம் லிட்டில் இந்தியாவின் திறந்த வெளிதான். அமைதி திரும்பியது உண்மை. குளிரூட்டிய மதுக்கூடத்தில் உட்காரக் காசு உள்ளவரின் ஞாயிறு மாறவில்லை என்பதும் உண்மை. அதே நாட்டில், கான்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங் ஆற்றை வளைந்தோடும் ஆறாக மீட்டு 2012-ல் புதுப்பித்த பீஷான் பூங்காவில், நாய்க்குத் தனித் திடலும் மற்ற இடங்களில் கயிறும் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாய் விஷயத்தில் இடம் பிரித்துக் கொடுத்த அதே நிதானம், தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைக்கும் கிடைத்திருக்கலாம்.

இதை மனதில் வைத்துத்தான் கிண்டியைப் பற்றி ஒன்று கேட்கிறேன். 2023-ல் மாநாட்டு அரங்குகளிலும் திருமண மண்டபங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் நிகழ்ச்சிகளின்போது மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று தமிழக அரசு விதியைத் திருத்தியது. திருமண மண்டபங்களுமா என்று எதிர்ப்புக் கிளம்பியதும் அதிலிருந்து பின்வாங்கி, சர்வதேச விளையாட்டு போன்றவற்றுக்கு என்று சுருக்கியது. நாளை கிண்டியில் திறந்தவெளி அரங்கு ஒன்று கட்டப்பட்டால், இசை நிகழ்ச்சி, கார் அறிமுகம், உணவுத் திருவிழா என்று வாடகைக்குக் கேட்டு வருவார்கள். ஒரு மாலைக்கு மட்டும் உரிமம் என்பார்கள். கொத்தனாரின் குவார்ட்டருக்குப் போலீஸ், கம்பெனி விருந்தின் ஒயினுக்கு உரிமம் என்று ஒரே புல்வெளியில் இரண்டு நியாயம் வரக் கூடாது. மது இல்லை என்றால் யாருக்கும் இல்லை, எந்த மாலையிலும் இல்லை என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.

தடையை நடைமுறையாக்க லத்தி வேண்டியதில்லை. இடுப்புயரத்துக்கு மேல் புதர் வளர விடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பெஞ்சுகளை மதிலோரம் முதுகு காட்டி வைக்காமல் நடைபாதையைப் பார்த்து வைக்கலாம். இரவு பத்து மணி வரை டீக்கடையும் இறகுப்பந்துத் திடலும் வெளிச்சமாக இருந்தால் அந்தப் பக்கம் பாட்டில் வராது, ஆள் நடமாட்டத்தைப் போல வேறு காவல் கிடையாது. மீறியவரிடம் அபராதம் வாங்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இப்போது அது காவல் நிலையத்தின் வேலை. எட்டாயிரமோ பத்தாயிரமோ சம்பளத்தில், ஒப்பந்த நிறுவனத்தின் சீருடையில், ஒரு விசிலோடு நிற்கும் அறுபது வயதுக் காவலாளி, குடித்தவர்கள் நான்கு பேரை எழுப்பப் போய் அடி வாங்கினால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு அலைபேசி அழைப்பில் பத்து நிமிடத்துக்குள் ரோந்து வண்டி வரும் என்ற உறுதி அவருக்கு இருந்தால்தான் பலகையின் நான்காவது வரி விதியாகும்.

துப்புரவுப் பணியாளர்களுக்குத் தடித்த கையுறை, நீண்ட இடுக்கி, டெட்டனஸ் ஊசி, நாய்க்கடித் தடுப்பூசி ஆகியவை பூங்காவின் ஆண்டுச் செலவில் தனித் தலைப்பாக இருக்கட்டும். இவற்றைக் கேட்டுப் பார்த்தீர்களா என்று எங்கள் பூங்கா அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். கையுறை ஒருதடவை குடுத்தாங்க சார், கண்ணாடி அதையும் கிழிச்சிடுச்சு என்றார், சாக்கைக் கட்டிக்கொண்டே.

வரைபடத்தில் காவலாளி வீட்டை எங்கே போடப் போகிறார்கள் என்பதை நான் முதலில் பார்ப்பேன். பல பூங்காக்களில் அது பம்ப் அறையை ஒட்டிய ஒற்றை அறை. கதவைத் திறந்தால் நேரே பூங்கா. குழந்தைக்கு அதுதான் முற்றம். ஆயிரம் விளக்கில் அந்தச் சிறுமி விதி எதையும் மீறவில்லை. தன் வீட்டு வாசலில் இருந்தாள். கிண்டியில் நாய்த் திடலுக்கு இரட்டைக் கதவு போடுவதற்கு முன்பு, அந்த வீட்டுக்கு ஒரு சுற்றுச்சுவரும் உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு கதவும் போட வேண்டும்.